எண்ணெய், எரிவாயு விலை வீழ்ச்சியும் நிலத்தின் உரிமையாளரும்

கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றின் விலை குறையும்போது வண்டி ஓட்டுபவருக்கும் சமையல் எரிவாயு வாங்குபவருக்கும் நன்மை என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் எந்த நிலத்தைத் துளைத்து இவை எடுக்கப்படுகின்றனவோ, அந்த நிலத்தின் உரிமையாளருக்கு விலை வீழ்ச்சி வேறு விதமாக வந்து சேர்கிறது. நிலத்தடியில் உள்ளது யாருக்குச் சொந்தம், கையெழுத்திட்ட குத்தகைப் பத்திரம் என்ன சொல்கிறது என்ற இரண்டு செய்திகளே அதைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் ஷேல் எரிவாயு வயல்களையும் நம் காவிரிப் படுகையையும் ஒப்பிட்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

ஷேல் எரிவாயு என்பது என்ன?

ஷேல் என்பது ஒருவகைக் களிப்பாறை. பண்டைக் கடல்களிலும் ஏரிகளிலும் படிந்த நுண்ணிய சேறு, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தப்பட்டு ஏடு ஏடாக இறுகிப் பாறையானது. சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் வெப்பத்தால் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறின. அவற்றில் ஒரு பகுதி மேல்நோக்கிக் கசிந்து மணற்பாறைகளில் தேங்கியது. வழக்கமான எண்ணெய்க் கிணறுகள் இந்தத் தேக்கங்களிலிருந்து எடுக்கின்றன. மீதி, களிப்பாறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதுவே ஷேல் எண்ணெய், ஷேல் எரிவாயு.

களிப்பாறையில் துளைகள் மிக நுண்ணியவை. துளையிட்டால் மட்டும் எரிவாயு வராது. முதலில் செங்குத்தாகவும், பின்பு பாறை அடுக்கினூடே கிடைமட்டமாகவும் துளையிட்டு, மணலும் வேதிப்பொருள்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல்களை உண்டாக்குகிறார்கள். இதற்கு நீரழுத்த விரிசல் முறை என்று பெயர். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் நீர் செலவாகலாம்.

தேனி மாவட்டத்து விவசாயிகளுக்கு இதன் அடிப்படை புரியாத செய்தி அல்ல. இங்குள்ள கடும்பாறையில் போர் போடும்போது, வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர் உண்டு, அகப்படாவிட்டால் புழுதிதான். வற்றிய ஆழ்துளைக் கிணறுகளில் நீரை அழுத்தத்துடன் செலுத்தி வெடிப்புகளைத் திறக்கும் முறையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் கையாண்டிருக்கிறது. ஷேல் கிணற்றில் நடப்பது இதே தத்துவந்தான். ஆனால் அங்கே ஆழம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். நீரோடு வேதிப்பொருளும் சேரும். செலவும் பல மடங்கு.

தேனியில் ஷேல் எரிவாயு கிடைக்குமா?

கிடைக்காது. கம்பம் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த மலைகளும் சார்னோக்கைட், நைஸ் போன்ற பழைமையான உருமாறிய பாறைகளால் ஆனவை. இவை படிவப் பாறைகள் அல்ல. தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டதற்கு ஒரு காரணமே, அந்த மலையின் உறுதியான சார்னோக்கைட் பாறைதான். ஆய்வகத்துக்கு ஏற்றதாகக் கருதப்பட்ட அந்தப் பாறையில் எரிவாயு தேங்க வழியில்லை.

ஆனால் தேனி மாவட்டத்தில் பிறக்கும் வைகை, கடலை நோக்கிச் செல்லும் வழியில் கடும்பாறை நிலத்தை விட்டுப் படிவப்பாறை நிலத்தில் இறங்குகிறது. அதன் கடைமடையான இராமநாதபுரம் மாவட்டம் எண்ணெய்த் துறையின் கணக்கில் காவிரிப் படுகையின் ஒரு பகுதி. அங்கே கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு வழுதூரில் மின் நிலையம் இயங்கி வருகிறது. ஆகவே வைகையின் தலைமடையில் இல்லாத எரிவாயுக் கிணறு கடைமடையில் இருக்கிறது.

விலை சரிந்தால் துளையிடல் ஏன் நிற்கிறது?

வழக்கமான எண்ணெய்க் கிணறு பல ஆண்டுகள் சீராகக் கொடுக்கும். ஷேல் கிணறு அப்படியல்ல. முதல் சில மாதங்களில் பீறிட்டு வரும். முதல் ஆண்டுக்குள்ளேயே பெரும்பாலான கிணறுகளின் உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிறகு பல ஆண்டுகள் மெல்லிய ஓட்டமாக நீடிக்கும். எனவே உற்பத்தியைக் குறையாமல் வைத்திருக்க வேண்டுமானால் புதிய கிணறுகளைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுப்பவர் விலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்.

இங்கே இரண்டு செலவுகளைப் பிரித்து அறிய வேண்டும். ஒன்று, புதுக் கிணறு தோண்டும் செலவு. மற்றொன்று, ஏற்கெனவே உள்ள கிணற்றை ஓட்டும் செலவு. டாலஸ் நகரிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளை நடத்தும் ஆய்வில், புதுக் கிணறு கட்டுப்படியாக பீப்பாய்க்குச் சராசரியாக 65 டாலர் அளவில் விலை வேண்டும் என்று அண்மை ஆண்டுகளில் நிறுவனங்கள் கூறியுள்ளன. பழைய கிணற்றை ஓட்ட அதைவிட மிகக் குறைந்த விலையே போதும். இதனால்தான் விலை சரிந்ததும் முதலில் துளையிடும் எந்திரங்கள் நிற்கின்றன. உற்பத்தி பின்னர்தான் மெதுவாகக் குறைகிறது.

2014 ஜூனில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற பிரெண்ட் கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் 1,600க்கும் மேற்பட்ட எண்ணெய்த் துளை எந்திரங்கள் இயங்கின. 2016 மே மாதத்தில் அவை 316 ஆகக் குறைந்தன. ஐந்தில் நான்கு பங்கு எந்திரங்கள் நின்றன. ஆனால் அந்நாட்டின் எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. நிறுவனங்கள் நல்ல ஊற்றுள்ள இடங்களில் மட்டும் துளையிட்டதும், செலவைக் குறைக்கக் கற்றுக்கொண்டதும் இதற்குக் காரணங்கள்.

சில நிறுவனங்கள் கிணற்றைத் தோண்டிவிட்டு, விரிசல் உண்டாக்கும் வேலையை மட்டும் ஒத்திப்போட்டன. விலை ஏறிய பின் அதைச் செய்துகொள்ளலாம் என்பது கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை விவசாயிக்கு இந்த வசதி இல்லை. பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டாதபோது அவர் காயைக் கொடியில் விட்டால் அது அழுகிப்போகும். பாறைக்குள் விட்ட எரிவாயு அழுகாது. காத்திருப்பதால் நிறுவனம் இழப்பது வட்டியை மட்டுமே. அந்தக் காத்திருப்பு யாருடைய நிலத்தின் மீது நடக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

அமெரிக்க நில உரிமையாளர்: ஏற்றத்திலும் பங்கு, இறக்கத்திலும் பங்கு

உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலத்தடி எண்ணெய் அரசுக்குரியது. அமெரிக்கா இதற்கு முக்கியமான விதிவிலக்கு. அங்கே தனியார் நிலத்தின் அடியிலுள்ள எண்ணெயும் எரிவாயுவும் தனியாருக்கே சொந்தமாக இருக்கலாம். அந்த உரிமையை மேல்நிலத்திலிருந்து பிரித்து விற்கவும் முடியும். ஆகவே ஒருவர் மேலே உழுதுகொண்டிருக்க, கீழே உள்ளது வேறொருவருடையதாக இருப்பதும் உண்டு.

நிலத்தடி உரிமை உள்ளவர் நிறுவனத்துக்குக் குத்தகை கொடுக்கும்போது மூன்று வகையில் பணம் வரும். கையெழுத்திடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு முன்தொகை. எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பின் விற்பனையில் எட்டில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை ராயல்டி. மேல்நிலமும் அவருடையதானால் சாலை, குழாய் முதலியவற்றுக்கு இழப்பீடு.

விலை ஏறும் காலத்தில் முன்தொகை வெறிபிடித்ததுபோல் ஏறும். 2008இல் லூசியானா மாநிலத்தின் ஹேன்ஸ்வில் பகுதியில் ஏக்கருக்குச் சில நூறு டாலராக இருந்த முன்தொகை, சில மாதங்களில் சில இடங்களில் 20,000 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு ஜூலையில் பத்து லட்சம் பிரித்தானிய வெப்ப அலகு கொண்ட எரிவாயு சுமார் 13 டாலருக்கு விற்றது. 2012 ஏப்ரலில் அது 2 டாலருக்கும் கீழே போனது. ஷேல் கிணறுகள் பெருகி எரிவாயு தேவைக்கு மேல் வந்ததே வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம்.

ராயல்டி எப்படிக் குறைகிறது என்பதை ஒரு எளிய கணக்கால் பார்க்கலாம். இது எடுத்துக்காட்டுக்கான கணக்கு மட்டுமே. ஒரு கிணறு முதல் ஆண்டில் நாளொன்றுக்கு 200 பீப்பாய் தருகிறது. விலை 100 டாலர். ராயல்டி எட்டில் ஒன்று. நாளொன்றுக்குக் கிடைப்பது 200 × 100 ÷ 8 = 2,500 டாலர். இரண்டாம் ஆண்டில் கிணற்றின் ஓட்டம் 80 பீப்பாயாகக் குறைகிறது. விலையும் 50 டலருக்கு இறங்குகிறது. இப்போது 80 × 50 ÷ 8 = 500 டாலர். விலை பாதியானது, வருமானமோ ஐந்தில் ஒன்றானது. முதல் ஆண்டு வருமானத்தை நம்பி வீடும் எந்திரமும் கடனில் வாங்கியவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்.

விலை வீழ்ச்சியின்போது பத்திரத்தின் சிறு எழுத்துகளுக்கு உயிர் வந்துவிடும். அவற்றுள் மூன்று முக்கியமானவை.

முதலாவது, கழிவுகள். எரிவாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, குழாயில் அனுப்பும் செலவை ராயல்டியில் கழிக்கலாமா என்பது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி தர வேண்டும் என்கிறது. ஆயினும் இச்செலவுகளைக் கழித்த பின் கணக்கிடலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. விலை அதிகமாக இருக்கும்போது இந்தக் கழிவு கண்ணில் படாது. விலை சரியும்போது செலவு அப்படியே நிற்கும். ராயல்டியின் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்.

இரண்டாவது, காலவரம்பு. குத்தகை பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு இருக்கும். அதற்குள் துளையிடாவிட்டால் காலாவதியாகும். ஆனால் ஒரு கிணற்றில் சிறிதளவு உற்பத்தி நடந்தாலும் குத்தகை தொடரும் என்ற விதி உண்டு. அப்படியானால் மிகக் குறைந்த ராயல்டியோடு நிலம் பல ஆண்டுகள் கட்டுண்டு கிடக்கும். வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கவும் முடியாது.

மூன்றாவது, கிணற்றை மூடும் பொறுப்பு. 2020 ஏப்ரல் 20 அன்று, மே மாத ஒப்பந்தத்துக்கான அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை வரலாற்றில் முதல்முறையாகப் பூச்சியத்துக்குக் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலர் என்று முடிந்தது. ஷேல் எரிவாயுவில் முன்னோடியான செசபீக் நிறுவனம் அவ்வாண்டு ஜூனில் திவால் பாதுகாப்பு கோரியது. நிறுவனம் நொடித்து யாரும் பொறுப்பேற்காத கிணறுகளை அங்கே ‘அனாதைக் கிணறுகள்’ என்கிறார்கள். எண்ணெயும் மீத்தேனும் கசியும் இத்தகைய பழைய கிணறுகளை மூட 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தில் அமெரிக்க அரசு 470 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் நிலத்தடி யாருக்கு?

நம் நாட்டில் பட்டா வைத்திருப்பவர் நிலத்தின் உரிமையாளர். ஆனால் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் உரிமத்தை அவர் கொடுக்க முடியாது. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டத்தின் கீழ் அரசே அதை வழங்குகிறது. நிலப்பகுதியில் மத்திய அரசின் ஒப்புதலோடு மாநில அரசு குத்தகை வழங்கும். ராயல்டியும் மாநில அரசுக்கே போகும். எரிவாயுவுக்கு இது பொதுவாகக் கிணற்றடி மதிப்பில் 10 விழுக்காடு. 2025இல் திருத்தப்பட்ட சட்டம், ஷேல் எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றையும் கனிம எண்ணெய் என்ற வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்தது.

கேரளத்தின் மலபார் பகுதி நிலங்கள் தொடர்பான வழக்கில், சட்டப்படி பறிக்கப்படாத வரையில் நிலத்தடிக் கனிமம் பொதுவாக நில உரிமையாளரையே சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் கூறியது. இது முக்கியமான தீர்ப்பு. எனினும் பெட்ரோலியத்துக்கான உரிம முறையை அது மாற்றவில்லை.

ஆகவே நம் விவசாயிக்கு வருவது ராயல்டி அல்ல. நிலத்தை வாங்கினால் கிரயத் தொகை. குத்தகைக்கு எடுத்தால் ஆண்டு வாடகை. பயிர் அழிந்தால் இழப்பீடு. குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுகிறது. இதன்படி நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அதன் பயன்பாட்டு உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அதற்குச் சட்டம் குறிப்பிடும் தொகை நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. அந்தப் பாதையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் நடவோ கூடாது. கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் கெயில் நிறுவனத்தின் குழாய்க்கு எழுந்த எதிர்ப்பின் மையம் இதுவே. அந்த வழக்கில் தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது.

இதன் விளைவு என்ன? எண்ணெய் 100 டாலருக்கு விற்றாலும் 30 டாலருக்கு விற்றாலும் நம் விவசாயியின் வாடகை அதேதான். ஏற்றத்தின் இலாபம் அவருக்கு இல்லை. இறக்கத்தின் நட்டமும் இல்லை என்று முதல் பார்வைக்குத் தோன்றும். காவிரிப் படுகையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

காவிரிப் படுகையில் விலையும் திட்டங்களும்

இந்தியாவில் ஷேல் எரிவாயு இருப்பதை மேற்கு வங்கத்தின் துர்காபூருக்கு அருகே இச்சாபூரில் தோண்டிய சோதனைக் கிணற்றில் ஓஎன்ஜிசி 2011 ஜனவரியில் உறுதிசெய்தது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் வெளியிட்ட மதிப்பீடு, காவிரிப் படுகை உட்பட நான்கு படுகைகளில் எடுக்கக்கூடிய ஷேல் எரிவாயு 96 லட்சம் கோடி கன அடி என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்து, முதல் கட்டமாக ஓஎன்ஜிசிக்கு 50 பகுதிகளை ஒதுக்கியது. அவற்றில் காவிரிப் படுகையும் இடம்பெற்றது.

அறிவிப்பு வந்தபோது எண்ணெய் 100 டாலருக்கு மேல். ஓராண்டு முடிவதற்குள் வீழ்ச்சி தொடங்கியது. 2014 நவம்பரில் உள்நாட்டு எரிவாயுவுக்கு 5.05 டாலர் என்று விலை நிர்ணயித்த புதிய முறை, வெளிநாட்டுச் சந்தைகளைப் பின்பற்றியது. அதனால் 2016 அக்டோபரில் 2.50 டாலராகவும், 2020 அக்டோபரில் 1.79 டாலராகவும் விலை இறங்கியது. வழக்கமான கிணறுகளுக்கே இது கட்டுப்படியாகவில்லை என்று ஓஎன்ஜிசி கூறியது. அதைவிடச் செலவு மிக்க ஷேல் கிணறுகளைச் சொல்லவே வேண்டாம். பாறையின் தன்மை, நீர்ப் பற்றாக்குறை, நிலம் கிடைப்பதில் சிக்கல், மக்கள் எதிர்ப்பு ஆகியவையும் சேர்ந்தன. நாட்டில் வணிக அளவில் ஷேல் எரிவாயு உற்பத்தி தொடங்கவில்லை.

டெல்டாவில் மக்கள் போராட்டத்தின் வரலாறு இதோடு இணைந்து ஓடுகிறது. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்றார். அப்பயணத்தின் இடையே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2013இல் இடைக்காலத் தடை விதித்த தமிழ்நாடு அரசு, வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பின் 2015இல் திட்டத்துக்கு நிரந்தரமாக மறுப்புத் தெரிவித்தது.

அடுத்தது நெடுவாசல். ஓஎன்ஜிசி முன்பே கண்டுபிடித்து, சிறிய அளவு, தொலைவான இடம், அதிகச் செலவு போன்ற காரணங்களால் மேம்படுத்தாமல் விட்ட வயல்களை மத்திய அரசு 2016இல் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. சந்தை விலைக்கு விற்கும் சுதந்திரம், எல்லா வகை ஹைட்ரோகார்பனுக்கும் ஒரே உரிமம் ஆகிய சலுகைகளும் அறிவிக்கப்பட்டன. 2017 பிப்ரவரி 15 அன்று ஒப்புதல் பெற்ற 31 பகுதிகளில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே அங்கே போராட்டம் தொடங்கியது. சுற்றியுள்ள நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு போன்ற ஊர்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன. அவற்றை மூடி நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அம்மக்களின் கோரிக்கைகளில் முக்கியமானது.

இங்கே பாடம் தெளிவாகத் தெரிகிறது. கட்டுப்படியாகாத கிணறு கைவிடப்படுவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. விலையோ கொள்கையோ மாறும்போது அது மீண்டும் உயிர் பெறுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நிலத்தில் தென்னை வைப்பதா, மகளுக்குச் சீராக எழுதிவைப்பதா, விற்பதா என்று எந்த முடிவும் எடுக்க முடியாமல் உரிமையாளர் இருப்பார். விலை வீழ்ச்சியால் நம் விவசாயிக்கு வரும் நட்டம் இந்தக் காத்திருப்பே. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

2020 பிப்ரவரியில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எடுப்பதைத் தடைசெய்தது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளுக்கு இது பொருந்தாது. இராமநாதபுரம் இந்த மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்ட செய்தி 2025இல் வெளிவந்ததும், அதைத் திரும்பப் பெறுமாறு தமிழ்நாடு அரசு கூறியது.

குத்தகைக்கு முன் கேட்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் எரிவாயுக் கிணறு வராது. எனினும் காற்றாலை, சூரிய மின் நிலையம், கைப்பேசிக் கோபுரம், மின்தொடர் என்று நீண்டகாலத்துக்கு நிலத்தைக் கேட்டு வருபவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. எண்ணெய் வயல்களின் அனுபவம் இவற்றுக்கும் பொருந்தும். கையெழுத்துக்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிவது நல்லது.

1. கேட்பது கிரயமா, குத்தகையா, பயன்பாட்டு உரிமையா? மூன்றும் வெவ்வேறு.
2. வருமானம் நிலையான வாடகையா, விற்பனையில் பங்கா? பங்கு என்றால் எந்தச் செலவுகளைக் கழித்த பின்?
3. வேலை நின்றுபோனால் வாடகை தொடருமா? எத்தனை ஆண்டு சும்மா கிடந்தால் நிலம் திரும்பி வரும்?
4. நிறுவனம் கைமாறினாலோ நொடித்துப்போனாலோ யார் பொறுப்பு?
5. கடைசியில் குழியை மூடி, கான்கிரீட்டை அகற்றி, பழைய மண்ணாக்கித் தரும் செலவுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை உண்டா?

விலை நன்றாக இருக்கும்போது இக்கேள்விகளுக்கு எளிதாகப் பதில் கிடைக்கும். நிறுவனம் நிலத்தைத் தேடி வரும் காலம் அது. விலை சரிந்த பின் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.